அறுபது டோக்கன்

நான் பி.காம். படித்தவன். படித்தவன் என்றால் பரீட்சை எழுதிப் பாஸானவன். அதிலும் காஸ்ட் அக்கவுன்டன்சி மட்டும் இரண்டாவது அட்டெம்ப்ட். அந்தப் படிப்பால் இதுவரை யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. மாதக் கடைசியில் வீட்டுக் கணக்கு எழுதும்போது மட்டும் நோட்டின் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, இடது பக்கம் டெபிட், வலது பக்கம் கிரெடிட் என்று எழுதி மனைவியை மிரட்டிப் பார்ப்பேன். அவள் மிரள மாட்டாள். “மளிகைக்கு எவ்ளோ ஆச்சு, அதைத் தமிழ்ல சொல்லுங்க” என்பாள்.

போன மே 31-ம் தேதி ராத்திரி அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது.

‘வெளிச் சாப்பாடு - ரூ.6,840.’

கூட்டலில் தப்பு இருக்கும் என்று நினைத்தேன். என் கூட்டல் மேல் எனக்கு எப்போதுமே அபார நம்பிக்கை. ஆனால் மொபைலில் உள்ள கால்குலேட்டரும் அதையேதான் சொன்னது. பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன் வீட்டில் ரூ.6,840 என்பது சாதாரண சமாச்சாரமா? நான் பாதி நாள் ஏதாவது ஆபீஸ் கேன்டீனில் யார் தலையிலாவது மிளகாய் அரைத்துச் சாப்பிடுகிறவன். மனைவிக்கு நுங்கம்பாக்கத்தில் வேலை, கையில் டிபன் பாக்ஸ். மிச்சம் இருப்பது அப்பா. எழுபத்திரண்டு வயசு. மூன்று இட்லிக்கு மேல் இலையை மூடிவிடுகிற ஆள்.

“யார் சாப்பிட்டது இத்தனையும்?”

மனைவி பதில் சொல்லாமல் பரணைக் காட்டினாள். ஏறிப் பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமாகப் பிளாஸ்டிக் டப்பாக்கள், மூடியோடு. எண்பத்தாறு. எண்ணிவிட்டுத்தான் இறங்கினேன்.

“தூக்கிப் போட மனசு வரலைங்க. நல்லா கெட்டியா இருக்கு. வெந்தயக்கீரை போடலாம்னு கழுவி வச்சிருக்கேன்” என்றாள்.

எண்பத்தாறு டப்பாவில் வெந்தயக்கீரை போட்டால் பெரம்பூர் மார்க்கெட்டில் நாங்கள் தனிக் கடையே வைக்கலாம்.

*

இங்கே அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பாரிமுனையில் ஒரு தனியார் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். சைக்கிளைத் தவிர வேறு வண்டி ஓட்டத் தெரியாது, ஓட்டவும் ஆசைப்பட்டதில்லை. “எனக்குத்தான் தினமும் டிரைவர், கண்டக்டரு ரெண்டு பேரும் வர்றாங்களே!” என்பார். மாநகரப் போக்குவரத்துக் கழகத்தை இன்றைக்கும் ‘பல்லவன்’ என்றுதான் சொல்வார். அந்தப் பெயர் 1972-ல் வந்தது, 1997-லேயே போய்விட்டது. அப்பாவிடம் மட்டும் போகவில்லை.

சென்னையில் அறுபது வயது தாண்டியவர்களுக்கு மாதத்துக்குப் பத்து இலவச பஸ் டோக்கன் தருகிறார்கள். 2016-ல் ஆரம்பித்த திட்டம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய் அடையாள அட்டையைக் காட்டினால் மொத்தமாக அறுபது டோக்கன் கிடைக்கும். ஏ.சி. பஸ்ஸில் செல்லாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கும் டிக்கெட் இல்லை என்று ஆகிவிட்டது. ஆக, எங்கள் வீட்டில் காசு கொடுத்து டிக்கெட் எடுக்கிற ஒரே ஜீவன் நான்தான். அந்த ரோஷத்தில்தான் பைக் வாங்கினேன் என்று வெளியே சொல்லிக்கொள்வது. உண்மையில் மாதத் தவணையில் கிடைத்தது, அதனால் வாங்கினேன்.

அந்தப் பத்து டோக்கனை அப்பா செலவழிக்கிற அழகு இருக்கிறதே, நிதி மந்திரி பார்த்தால் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லுவார். பத்து டோக்கன் என்றால் போக ஐந்து, வர ஐந்து. மாதத்துக்கு ஐந்து உலா. ஒன்று பாரிமுனை, பழைய ஆபீஸ் சகாக்களைப் பார்க்க. ஒன்று எழும்பூர் கன்னிமாரா நூலகம். 1896-ல் திறந்த கட்டடம், அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்தால்தான் படித்த மாதிரி இருக்கும் என்பார். இரண்டு உலா மயிலாப்பூருக்கு. கடைசி ஒன்று ரிசர்வ். யார் வீட்டிலாவது நல்லது கெட்டது வந்தால் ஆகும் என்று தனியாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார்.

இதில் மயிலாப்பூர்தான் விசேஷம். பெரம்பூரில் 29சி ஏறினால் புரசைவாக்கம், ஸ்டெர்லிங் ரோடு, ஜெமினி என்று ஊரையே சுற்றிக்காட்டிவிட்டு மயிலாப்பூரில் இறக்கிவிடும். கபாலியை வெளியே நின்று ஒரு கும்பிடு. அப்புறம் ஒரு சந்தில் இருக்கிற மெஸ். மூன்று இட்லி, ஒரு வடை, ஒரு காபி. கையில் கொண்டு போயிருக்கிற எவர்சில்வர் தூக்கில் சாம்பார். மருமகளுக்கு மந்தார இலையில் கட்டின இட்லி ஒரு செட்.

அந்தத் தூக்கு என் அம்மாவுடையது. மூடியில் அவள் பெயரின் முதல் எழுத்து புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும். அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது.

எனக்கு அந்தத் தூக்கைப் பார்த்தாலே கூச்சம். ஒரு தடவை அப்பாவை பைக்கில் கொண்டுபோய்ப் பஸ் ஸ்டாப்பில் விடும்போது என் கல்லூரி சிநேகிதன் ஒருவன் பார்த்துவிட்டு, “என்னடா, பால் வியாபாரமா?” என்று கேட்டான். அன்றிலிருந்து அப்பாவை ஸ்டாப்புக்கு இருபதடி முன்னாலேயே இறக்கிவிடுவது என் வழக்கமாகிவிட்டது.

*

இந்த வருஷம் பொங்கல் முடிந்த மறுவாரம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அப்பாவுக்குக் கால் பிசகிவிட்டது. பஸ் நின்றுதான் இருந்தது, கண்டக்டரும் “பார்த்து, பெரியவரே” என்று சொல்லியிருக்கிறார். தப்பு செருப்பு மேல்தான். வார் அறுந்ததை ஊக்கு போட்டு ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எலும்பு முறிவு இல்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். மூன்று வாரம் கட்டு.

டாக்டர் பயப்படாதீர்கள் என்றால் நாம் விடுவோமா? நான் பயந்தேன். பயத்தைப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

“இனிமே பஸ், கிஸ் எல்லாம் கிடையாது. எங்க போகணும்னாலும் சொல்லுங்க, நான் கூட்டிட்டுப் போறேன். முடியலைன்னா ஆட்டோ புக் பண்ணித் தர்றேன்.”

“மயிலாப்பூர் இட்லி?”

“வீட்டுக்கே வரும்ப்பா. என் மொபைல்ல ஒரு அழுத்து அழுத்தினா போதும்.”

மயிலாப்பூரிலிருந்து பெரம்பூருக்கு வராதாம், தூரம் அதிகமாம். பக்கத்தில் வேறு ஒரு ஹோட்டலிலிருந்து வந்தது. நாலு இட்லிக்கு ஒரு டப்பா, சாம்பாருக்கு ஒரு டப்பா, இரண்டு சட்னிக்கு இரண்டு குட்டி டப்பா, வடை தனியாக ஒன்று. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-லிருந்து ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கமே ஆரம்பித்தார்கள். அதனால் இந்த ஐந்து டப்பாவும் ரொம்ப மரியாதையாகக் காகிதப் பையில் வந்து இறங்கின.

அப்பா ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்துவிட்டு, “சாப்பிடறதைவிடத் திறக்கறதுக்குத்தான் பசி எடுக்குது” என்றார். நான் சிரித்தேன். ஜோக் என்று நினைத்தேன்.

கால் சரியாகிவிட்டது. மாசி, பங்குனி போயிற்று. ‘எங்க போகணும்னாலும் சொல்லுங்க’ என்று நான் சொல்லியிருந்தேனே, அப்பா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பிள்ளைக்கு வேலை இருக்கும், ஞாயிற்றுக்கிழமை தூங்குவான் என்று அவரே முடிவு பண்ணிக்கொண்டார். நானும் அவருக்கு வெளியே போக இஷ்டமில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டேன். இரண்டு பேருக்கும் சௌகரியமான முடிவு.

ஆனால் ஒன்று. இட்லி மட்டும் அடிக்கடி கேட்க ஆரம்பித்தார். “டேய், அந்த மொபைல்ல ஒரு அழுத்து அழுத்தேன்.” முதலில் வாரத்துக்கு ஒரு தடவை. அப்புறம் இரண்டு. மே மாதத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மத்தியானம் நான் வெளியே இருக்கும்போது போன் பண்ணிச் சொல்வார். அங்கிருந்தே அழுத்துவேன். பெருமையாகக்கூட இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர்களிடம், “அப்பாவுக்கு டிபன்” என்று சொல்லிவிட்டு அழுத்துவேன். அந்த அழுத்தல்கள் எல்லாம் சேர்ந்ததுதான் ரூ.6,840.

*

ஜூன் இரண்டாம் வாரம், ஒரு புதன்கிழமை. மத்தியானம் அப்பா போன் பண்ணினார், அழுத்தினேன். நான் போன இடத்தில் எடிட்டர் லீவு, அதனால் உடனே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். தெரு முனையில் திரும்பும்போதே பார்த்தேன். அப்பா கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில் நிற்கிறார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் வாட்ச். பக்கத்தில் திண்ணையில் ஒரு சொம்பு.

யாரையோ எதிர்பார்த்து நிற்கிற தோரணை. யாராவது சொந்தக்காரர் வருகிறாரோ என்று பைக்கைத் தள்ளி நிறுத்திப் பார்த்தேன்.

வந்தது டெலிவரி பையன்.

அப்பா பையை வாங்கித் திண்ணையில் வைத்தார். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொம்பை நீட்டினார். “முதல்ல தண்ணி குடிப்பா. எந்த ஊரு?” பையன் திருவண்ணாமலைப் பக்கம் என்றான். “அங்க எந்த ஊரு?” சொன்னான். “மழை பேஞ்சுதா? அப்பா என்ன பண்றாரு? நீ சாப்பிட்டியா?” அவன் அவசரத்தில் இருக்கிறவன், அவனுக்கு அடுத்த ஆர்டர் காத்துக்கொண்டிருக்கும். ஆனாலும் இரண்டு நிமிஷம் நின்று பதில் சொன்னான். கிளம்பும்போது அப்பா, “பார்த்துப் போப்பா. நாளன்னிக்கும் நீதான் வருவியா?” என்று கேட்டார்.

“யாருக்கு வேணா வரும் தாத்தா. நம்ம கையில இல்ல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அப்பா அவன் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் பத்து நிமிஷம் கழித்து உள்ளே போனேன். டைனிங் டேபிளில் இட்லி டப்பா திறக்காமலே இருந்தது. அப்பா ஈஸிசேரில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

கணக்கு அப்போதுதான் எனக்கு டேலி ஆயிற்று. ரூ.6,840-க்கு அவர் வாங்கினது இட்லி இல்லை, சார். இரண்டு நிமிஷப் பேச்சு.

*

அன்றைக்கு ராத்திரியே மனைவி அப்பாவின் அலமாரியைத் துடைத்தபோது டோக்கன்களைக் கண்டுபிடித்தாள். என் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். ஐம்பத்தாறு. அறுபதில் நாலுதான் செலவாகியிருந்தது. ஜனவரியில் இரண்டு உலா, அவ்வளவுதான். ரிசர்வ் கட்டுக்குப் போட்ட ரப்பர் பேண்ட் இற்றுப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

காமர்ஸ் படித்தவனுக்கு இது தெரியும். செலவழிக்காத பணம் சேமிப்பு. செலவழிக்காத டோக்கன் சேமிப்பு இல்லை. ஜூன் 30 தாண்டினால் வெறும் காகிதம்.

அப்பாவிடம் போய் உட்கார்ந்தேன். “ஏம்ப்பா எங்கேயும் போகலை? கால்தான் சரியாயிடுச்சே?”

“நீதானே பஸ்ஸு கூடாதுன்னே?”

“அது கட்டுப் போட்டிருந்தப்போ சொன்னது.”

“அது எப்ப முடியும்னு நீ சொல்லலையேடா.”

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், “உன் மேல தப்பு இல்லை. இட்லி வருது, மருந்து வருது, காய்கறி வருது. எல்லாம் வாசலுக்கே வந்துடுது. ஆளுங்கதான் வரமாட்டேங்கறாங்க. ஆளுங்களை நாமதான் போய்ப் பார்க்கணும் போலிருக்கு” என்றார்.

குறையாகச் சொல்லவில்லை. பேப்பரில் படித்த செய்தியைச் சொல்கிற மாதிரி சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

*

அந்தச் சனிக்கிழமை காலை, அப்பாவுக்குப் புதுச் செருப்பு. அவர் கையில் தூக்கு. நான் பைக் சாவியை எடுக்காமல் கிளம்பினேன். ஸ்டாப்பில் இருபதடி முன்னால் நிற்காமல் ஸ்டாப்பிலேயே நின்றேன்.

சென்னையில் தாழ்தளப் பஸ்ஸும் ஓடுகிறது. வயதானவர்கள் பிளாட்பாரத்திலிருந்து அப்படியே காலை எடுத்து உள்ளே வைக்கலாம். ஆனால் எங்கள் அதிர்ஷ்டத்துக்கு அன்றைக்கு வந்தது உயரப் படி வைத்த பழைய பஸ்தான். நான் பின்னால் இருந்து கையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் மேலேயிருந்து ஒரு காலேஜ் பையன் கையைக் கொடுத்து அப்பாவை ஏற்றிவிட்டான். சீனியர் சிட்டிசன் சீட்டில் இருந்த ஒருத்தர் ஏதோ தன் வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி எழுந்து இடம் கொடுத்தார். இரண்டே நிமிஷத்தில் அப்பாவுக்கு அவருடைய பேத்தி எந்த ஸ்கூல் என்பது வரைக்கும் தெரிந்துவிட்டது. ஆறு மாதமாக நான் ஆர்டர் பண்ணியும் வராத சரக்கு, ஒரு டோக்கனில் வந்து இறங்கியது.

அப்பா டோக்கனைக் கொடுத்தார். நான் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினேன்.

வழி நெடுக மெட்ரோ ரயிலுக்காகத் தகரத் தடுப்பு. மாதவரத்திலிருந்து சிப்காட் வரை போகிற அந்தப் பாதை பெரம்பூர், ஓட்டேரி, புரசைவாக்கம், சேத்துப்பட்டு, ஜெமினி, மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று போகிறது. யோசித்துப் பார்த்தால் நம்ம 29சி-யைத்தான் அப்படியே பூமிக்கடியில் இறக்குகிறார்கள். அப்பாவிடம் சொன்னேன்.

“நல்லதுதான். நான் மேலே போறதுக்குள்ள அது கீழே வந்துடுமா?” என்றார்.

முன் சீட்டுக்காரர், கண்டக்டர், நான் மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் நான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜெமினி மேம்பாலத்தின் கிட்டே வந்ததும் அப்பா தெம்பாகிவிட்டார். “இந்தப் பாலம் 1973-ல் திறந்தாங்க. இதுல முதல்ல சைக்கிள்ல ஏறுனவங்கள்ல நானும் ஒருத்தன்.” கதீட்ரல் ரோட்டில் திரும்பியதும் செம்மொழிப் பூங்காவைக் காட்டினார். “இங்கதான்டா உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது. 1962-லேர்ந்து 2008 வரைக்கும். கார்ல உட்கார்ந்தபடியே டிபன் சாப்பிடலாம். கல்யாணமாகி உங்கம்மாவை முதல்முதலா வெளிய கூட்டிட்டு வந்தது இங்கதான்.”

“நம்மகிட்ட ஏதுப்பா காரு?”

“காரு எதுக்கு? நாங்க பஸ்ல டிரைவ்-இன் பண்ணோம்! உங்கம்மா அந்த மரத்தடியில உட்கார்ந்து பூரி சாப்பிட்டா. எல்லாரும் கார்ல இருக்காங்க, நாம மட்டும் தரையில இருக்கோமேன்னு சிரிச்சா.”

முப்பத்து நாலு வருஷமாக அவருக்குப் பிள்ளையாக இருக்கிறேன். இது எனக்குத் தெரியாது. அம்மா இருந்தபோது இந்த ரோட்டில் நூறு தடவை ஹெல்மெட் போட்டுக்கொண்டு பறந்திருக்கிறேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்து அப்பா ஏதாவது சொல்லியிருந்தாலும் காற்றில் போயிருக்கும்.

மெஸ்ஸுக்குள் நுழைந்ததும் பரிமாறுகிறவர், “என்ன பெரியவரே, ஆறு மாசமா ஆளையே காணோம்? நாங்க ஒண்ணு கிடக்க ஒண்ணு நினைச்சுட்டோம்” என்றார். கல்லாவில் இருந்தவர் எழுந்தே வந்துவிட்டார். தனி மேஜை எல்லாம் கிடையாது, முன்பின் தெரியாத நாலு பேர் முழங்கை இடிக்க உட்கார வேண்டும். எதிரே இருந்தவர் சட்னி வாளியை எங்கள் பக்கம் நகர்த்தினார். அப்பா மூன்று இட்லி சாப்பிட்டார். நாலாவது போடச் சொன்னார்! நான் டேபிள் அடியில் விரல் விட்டு எண்ணினேன். ஐந்து.

வாசலில் பார்சலுக்காக இரண்டு டெலிவரி பையன்கள் வெயிலில் நின்றிருந்தார்கள். அப்பா வெளியே வந்து அவர்களிடம், “உள்ள ஃபேன் இருக்குப்பா, வந்து நில்லுங்க” என்று சொல்லிவிட்டு, கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் தலையாட்டினார். உள்ளே வந்தார்கள்.

தூக்கில் சாம்பார் ஊற்றும்போது, மேலே ஒரு கரண்டி கூடவே ஊற்றினார்கள். நான் கல்லாவில் பணம் கொடுத்தேன். மூன்று பேர் டிபன், காபி, பார்சல் எல்லாம் சேர்த்தும், வீட்டுக்கு வருகிற ஒரு தடவை பில்லைவிடக் கம்மி. டப்பா பூஜ்யம். மந்தார இலையையும் பேப்பரையும் மனைவி செடிக்குப் போட்டுவிடுவாள்.

திரும்பி வரும்போது தூக்கை நான் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் நின்றுகொண்டு அதைச் சாயாமல் பிடிப்பது ஒரு கலை, சார். பிரேக் போடும்போதெல்லாம் மூடியில் இருந்த அம்மாவின் எழுத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். யாரும் என்னைப் பால்காரன் என்று கேட்கவில்லை. ஒரு அம்மா மட்டும், “எந்தக் கடை சாம்பார் தம்பி? வாசனை தூக்குது” என்று கேட்டார்கள். சொன்னேன்.

*

இதற்குப் பிறகு எல்லாம் சுபம் என்று எழுதிவிடலாம். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு அப்பா தனியாகக் கன்னிமாரா போனார். ஒரு மணிக்கு வந்துவிடுவேன் என்றார். இரண்டாயிற்று, வரவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. இரண்டரைக்குப் பைக் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். ‘இதுக்குத்தான் சொன்னேன், பஸ் வேண்டாம்னு’ என்கிற வசனம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

மூன்று மணிக்கு வந்தார், சட்டை நனைந்து, முகம் சிவந்து. போனை லைப்ரரியில் சைலன்ட்டில் போட்டதை மறந்துவிட்டாராம். பழைய ஆபீஸ் நண்பர் ஒருத்தர் அங்கே எதிர்ப்பட்டிருக்கிறார். எட்டு வருஷம் கழித்து. பேசிக்கொண்டே எழும்பூர் ஸ்டேஷன் வரைக்கும் நடந்திருக்கிறார்கள்.

நான் வாயைத் திறந்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன். பயத்தை மறுபடி பாசம் என்று பெயர் மாற்றி அப்பாவின் தலையில் கட்ட இருந்தேன். பயம் என்னுடைய செலவு, என் கணக்கில்தான் வர வேண்டும்.

“சாப்பிட்டீங்களாப்பா?” என்று மட்டும் கேட்டேன்.

“அவன்தான் வாங்கிக் கொடுத்தான். அடுத்த மாசம் என் டர்ன்” என்றார்.

ஜூன் 30-ம் தேதி ராத்திரி வழக்கம்போலக் கணக்கு எழுத உட்கார்ந்தேன். பதினைந்து நாளில் நாலு உலா, எட்டு டோக்கன் செலவு. மிச்சம் நாற்பத்தெட்டு, காலாவதி. அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை. கடைசியில் என் பெயரைப் போட்டு டெபிட் பக்கம் எழுதினேன். நாற்பத்தெட்டு டோக்கன் என்றால் இருபத்து நாலு காலை நேரம். காஸ்ட் அக்கவுன்டன்சியில் அதற்கு விலை போட எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஒருவேளை முதல் அட்டெம்ப்டில் கோட்டை விட்டது அந்தக் கேள்வியைத்தானோ என்னவோ.

அடுத்த ஆறு மாதத்துக்கான டோக்கனை வாங்க நானும் அப்பாவோடு போனேன். வரிசையில் எல்லாம் அவர் வயசுக்காரர்கள். அப்பா அறுபது டோக்கனையும் நின்ற இடத்திலேயே எண்ணினார். பத்துப் பத்தாகப் பிரித்தார். புது ரப்பர் பேண்ட் போட்டார்.

“மாசத்துக்கு அஞ்சு உலா. பாரிமுனை ஒண்ணு, லைப்ரரி ஒண்ணு, மயிலாப்பூர் ரெண்டு, ரிசர்வ் ஒண்ணு” என்றவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மயிலாப்பூர்ல ஒண்ணுக்கு நீயும் வா.”

“வர்றேன்ப்பா.”

“ஆனா டிக்கெட் உன் காசு. டோக்கன்ல கை வைக்கக் கூடாது.”